டீசல் காரின் காற்றுப் பாதையைச் சீர்செய்து சென்சார்களைக் காப்பது: முழுமையான வழிகாட்டி

மாஃப் சென்சார் (எஞ்சினுக்குள் போகும் காற்றின் நிறையை அளப்பது) ஒருமுறை பழுதானால் மாற்றிவிட்டுப் போகலாம். மாற்றிய சில மாதங்களிலேயே அதே கோடு (ஸ்கேனர் காட்டும் பழுதுக் குறியீடு) மறுபடி வந்தால் சென்சாரைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. சென்சாருக்கு முன்னால் தூசி நுழைகிறது, அல்லது பின்னால் ஆயில் ஆவி வருகிறது, அல்லது இரண்டுமே நடக்கிறது. இந்த வழிகாட்டி இழுவையைக் கூட்டுவதற்கானது அல்ல. காற்று உள்ளே வரும் பாதையை ஒழுங்குபடுத்தி, அதில் உட்கார்ந்திருக்கும் சென்சார்கள் சரியான அளவைக் காட்டும்படி வைத்திருப்பதற்கானது. வேலையின் வரிசை முக்கியம்: முதலில் கசிவு, அடுத்து ஆயில் ஆவி, அதன் பிறகே சென்சார் சுத்தம். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

பாதையில் எது எங்கே இருக்கிறது

முன் கிரில்லுக்குப் பின்னால் உள்ள வாய்க்குழாய், ஏர் பாக்ஸ், ஃபில்டர், அதை ஒட்டியே மாஃப் சென்சார், பிறகு காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ. டர்போ வாய்க்குச் சற்று முன்னால் கிராங்க்கேஸ் பிரீதர் ஹோஸ் (எஞ்சினின் அடிப்பகுதியில் சேரும் வாயுவை வெளியே விடும் குழாய்) வந்து சேரும். டர்போவுக்குப் பிறகு இன்டர்கூலர் (அழுத்திய காற்றைக் குளிர்விப்பது), பூஸ்ட் சென்சார் (அந்தக் காற்றின் அழுத்தத்தை அளப்பது), திராட்டில் ஃபிளாப், இஜிஆர் (புகையில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும் அமைப்பு) கலக்கும் இடம், இன்டேக் மேனிஃபோல்டு. சில கார்களில் பூஸ்ட் சென்சார் இன்டர்கூலர் குழாயிலேயே இருக்கும். சிலவற்றில் மேனிஃபோல்டின் மேல், இஜிஆருக்குப் பின்னால் இருக்கும். இரண்டு இடத்திலும் வைத்த கார்களும் உண்டு.

மாஃபுக்கு எதிரி தூசியும் நீர்த்துளியும். அது ஒரு மெல்லிய படலம். ஓடும் காற்றைவிடக் கூடுதல் சூட்டில் வைக்கப்பட்டு, காற்று எவ்வளவு சூட்டை எடுத்துப் போகிறது என்பதை வைத்து நிறையைக் கணிக்கிறது. அதன் மேல் தூசி படிந்தால் காற்றுக்கும் படலத்துக்கும் நடுவே ஒரு போர்வை வந்துவிடுகிறது. அதிக ஓட்டத்தில் உண்மையைவிடக் குறைவாகக் காட்டத் தொடங்கும். பூஸ்ட் சென்சாருக்கு எதிரி வேறு: ஆயில் ஆவியும் இஜிஆர் கரியும் சேர்ந்து உண்டாகும் தார் போன்ற பிசுக்கு. அது துளையை அடைத்தால் அழுத்தம் தாமதமாகத்தான் சென்சாருக்குப் போய்ச் சேரும். இசியு (எஞ்சினை இயக்கும் கணினி) டர்போவின் வேனை (அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் தகடுகளை) மிகையாகத் திருத்தும். ஒரு நாள் பி0234 (பூஸ்ட் அதிகம்), இன்னொரு நாள் பி0299 (பூஸ்ட் குறைவு) என்று மாறி மாறி வருவது இதனாலும் இருக்கலாம்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் எஞ்சினைப் போல டீசலில் மாஃப் அளவை வைத்து எரிபொருள் முழுவதும் அளக்கப்படுவதில்லை. அதன் முக்கிய வேலை இரண்டு: இஜிஆர் எவ்வளவு திறக்க வேண்டும் என்பதும், கரும்புகை வராமல் டீசலை எங்கே நிறுத்த வேண்டும் என்பதும். ஆகவே மாஃப் குறைத்துக் காட்டினால் வண்டி நிற்காது, ஐடிலும் கெடாது. மேட்டில் இழுவை மட்டும் போய்விடும். கோடுகூட வராமல் மாதக்கணக்கில் இப்படியே ஓடும்.

கழற்றுவதற்கு முன் அளவு எடுங்கள்

நேரடி அளவுகளைக் காட்டும் ஸ்கேனர் ஒன்று போதும். எஞ்சின் இரவு முழுவதும் குளிர்ந்த பிறகு, ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் ஆன் செய்து மூன்றைப் பாருங்கள்.

ஒன்று, பூஸ்ட் சென்சாரின் அழுத்தமும் வளிமண்டல அழுத்தமும். எஞ்சின் ஓடாதபோது இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். 2 கிலோபாஸ்கலுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பூஸ்ட் சென்சார் அழுக்காகவோ பழுதாகவோ இருக்கலாம். கடல் மட்டத்தில் இது 100 அருகே இருக்கும். மேலே போகப் போக ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் ஒன்றேகால் கிலோபாஸ்கல் வரை குறையும்.

இரண்டு, உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையும் கூலன்ட் வெப்பநிலையும். குளிர்ந்த எஞ்சினில் இவை இரண்டு மூன்று டிகிரிக்குள் ஒத்துப்போக வேண்டும். காற்று வெப்பநிலை மைனஸ் 40 என்று காட்டினால் அது குளிர் அல்ல, வயர் அறுந்திருக்கிறது. பி0113 கூடவே வரும்.

மூன்று, மாஃப் பூஜ்ஜிய அளவு. மின்னழுத்தம் தரும் பழைய ஹாட் ஃபிலிம் வகைகள் பலவற்றில் காற்று ஓடாதபோது 1 வோல்ட் அருகே வரும். அளவை அதிர்வெண்ணாகத் தரும் புதிய வகைகளுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

இனி எஞ்சினைச் சூடாக்கி, திறந்த சாலையில் மூன்றாவது கியரில் 1500 ஆர்பிஎம்மிலிருந்து 4000 வரை முழு ஆக்ஸிலேட்டரில் ஒருமுறை ஓட்டிப் பதிவு செய்யுங்கள். ஆர்பிஎம், மாஃப், இசியு கேட்ட பூஸ்ட், கிடைத்த பூஸ்ட், காற்று வெப்பநிலை ஆகிய ஐந்தும் வேண்டும். ஒருவர் ஓட்ட, இன்னொருவர் ஸ்கேனரைப் பார்ப்பதுதான் பாதுகாப்பு.

அந்தப் பதிவை வெறுமனே பார்த்தால் ஒன்றும் புரியாது. கணக்குப் போட வேண்டும். காற்றின் அடர்த்தி (ஒரு லிட்டருக்குக் கிராமில்) = அழுத்தம் ÷ (0.287 × (வெப்பநிலை + 273)). அழுத்தம் கிலோபாஸ்கலில், முழு அழுத்தமாக இருக்க வேண்டும், வளிமண்டலத்துக்கு மேல் உள்ளது மட்டும் அல்ல. வெப்பநிலை இன்டர்கூலருக்குப் பின்னால் எடுத்தது.

2 லிட்டர், நான்கு சிலிண்டர் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். ஒரு சிலிண்டர் அரை லிட்டர். 2500 ஆர்பிஎம்மில் பூஸ்ட் 200 கிலோபாஸ்கல், காற்று 50 டிகிரி என்றால் அடர்த்தி 2.16. அரை லிட்டருக்கு 1080 மில்லிகிராம். சிலிண்டர் முழுதாக நிரம்பாது. 85 சதவீதம் என்று வைத்தால் ஒரு உறிஞ்சலுக்குச் சுமார் 920 மில்லிகிராம். மாஃப் 880க்கும் 960க்கும் நடுவே காட்டினால் கவலையில்லை. 700 காட்டினால் மாஃப் குறைத்துக் காட்டுகிறது, அல்லது மாஃபுக்கும் டர்போவுக்கும் நடுவே அளக்கப்படாத காற்று நுழைகிறது. 1100 காட்டினால் டர்போவுக்குப் பின்னால் எங்கோ காற்று வெளியேறுகிறது: அளந்த காற்று எஞ்சினுக்குப் போய்ச் சேரவில்லை, ஆகவே கரும்புகை. முழு ஆக்ஸிலேட்டரில் இஜிஆர் மூடியிருக்கும் என்பதால்தான் இந்தக் கணக்கு அங்கே பொருந்துகிறது. ஐடிலில் இஜிஆர் திறந்திருக்கும்போது பொருந்தாது.

ஸ்கேனர் ஒரு வினாடிக்கு எத்தனை கிராம் என்று காட்டினால், நான்கு சிலிண்டர் எஞ்சினில் மாற்றுவது எளிது: மில்லிகிராம் × ஆர்பிஎம் ÷ 30 ÷ 1000. ஐடிலில் 800 ஆர்பிஎம், 500 மில்லிகிராம் என்றால் 13.3 கிராம்.

இந்தக் கணக்கைப் போடாமல் சென்சார் வாங்குவது வீண் செலவு.

ஏர் பாக்ஸ்

மூடியைத் திறந்தவுடன் ஃபில்டரைத் தூக்காதீர்கள். முதலில் மேல்பக்கத்தைப் பாருங்கள், அதாவது மாஃப் இருக்கும் சுத்தமான பக்கத்தை. வெள்ளைத் துணியை விரலில் சுற்றி உட்சுவரை ஒருமுறை துடைத்துப் பாருங்கள். துணியில் மண் நிறம் வந்தால் ஃபில்டரைத் தாண்டித் தூசி வருகிறது. கோடு போல ஒரு மூலையிலிருந்து தூசித்தடம் ஓடியிருந்தால் அந்த மூலையில்தான் சீல் சரியாக உட்காரவில்லை.

காரணங்கள் சில மட்டுமே. உடைந்த கிளிப், வளைந்த மூடி, பள்ளத்தில் உட்காராமல் மடிந்த சீல், விலை குறைந்த ஃபில்டரில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குறைந்த சீல் உயரம். இதை உறுதிசெய்ய ஒரு வழி இருக்கிறது. பாக்ஸின் விளிம்பு முழுவதும் சாக்பீஸ் தூளை மெல்லத் தடவி, ஃபில்டரை வைத்து, மூடி, எல்லாக் கிளிப்பையும் போட்டுவிட்டுத் திறந்து பாருங்கள். சீலில் வெள்ளைக் கோடு விட்டுப்போகாமல் சுற்றி வந்திருக்க வேண்டும். எங்கே அறுந்திருக்கிறதோ அங்கே அழுத்தம் இல்லை. சோதனை முடிந்ததும் தூளை ஈரத்துணியால் முழுவதும் துடைத்துவிட்டு உலரவிடுங்கள். அது மாஃபுக்குப் போகக் கூடாது.

ஸ்க்ரூ மரை தேய்ந்திருந்தால் பெரிய ஸ்க்ரூவை முறுக்கித் திணிப்பதைவிட மூடியை மாற்றுவது நல்லது. சிலிகான் சீலன்ட் போட்டு அடைக்க வேண்டாம். காயும்போது அதிலிருந்து வரும் ஆவி சென்சார் படலத்தில் படியும். புளித்த வாசனை வரும் வகை மோசம்.

ஃபில்டர் விஷயத்தில் நம் பழக்கம் ஒன்றை விட வேண்டும்: கம்ப்ரஸர் காற்றால் ஊதிச் சுத்தம் செய்வது. ஊதும்போது காகிதத்தின் நுண்துளைகள் விரிகின்றன, மடிப்புகளின் ஒட்டு விடுகிறது, கண்ணுக்குத் தெரியாது. அதோடு, ஓரளவு தூசி படிந்த காகித ஃபில்டர் புதிய ஃபில்டரைவிட நன்றாக வடிகட்டும், படிந்த தூசியே வடிகட்டியாக வேலை செய்கிறது. ஆகவே கறுத்துவிட்டது என்பதற்காக மட்டும் மாற்ற வேண்டியதில்லை, அடிக்கடி திறந்து பார்ப்பதும் நல்லதல்ல. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் விளிம்பில் இருக்கும் மண் சுத்தமான பக்கத்தில் கொட்டும். கையேட்டில் சொன்ன தூரத்தில் மாற்றுங்கள். மண் சாலையில் அதிகம் ஓடினால் அதில் பாதித் தூரத்தில்.

மாற்றும்போது பாக்ஸின் கீழ்ப்பாதியை வாக்குவம் கிளீனரால் உறிஞ்சுங்கள், ஊதாதீர்கள். அடியில் ஒரு வடிகால் துளை இருக்கும், சிலவற்றில் ரப்பர் வாய் பொருத்தியிருப்பார்கள். இலையும் சேறும் அதை அடைத்திருந்தால் மழைநீர் பாக்ஸிலேயே தேங்கும், காகிதம் ஊறி உப்பும், துளிகள் மாஃப் படலத்தில் தெறிக்கும். சூடான படலத்தில் குளிர்ந்த துளி பட்டால் விரிசல் விடும். துளையைத் திறந்து வையுங்கள். தூசி வருகிறது என்று டேப் ஒட்டுபவர்கள் உண்டு. அந்தத் துளை ஃபில்டருக்கு முந்தைய பக்கத்தில் இருப்பதால் அங்கே வரும் தூசி ஃபில்டரில்தான் நிற்கும்.

வாய்க்குழாய் விலகியிருந்தால் ரேடியேட்டருக்குப் பின்னால் உள்ள சூடான காற்றை எஞ்சின் இழுக்கும். காற்றில் 3 டிகிரி கூடினால் அடர்த்தி சுமார் ஒரு சதவீதம் குறையும். நுரை வாஷர் பழுதாயிருந்தால் மாற்றி, குழாயைத் தொழிற்சாலையில் வைத்த இடத்திலேயே மறுபடி பூட்டுங்கள்.

கூம்பு ஃபில்டர் வேண்டுமா?

வேண்டாம். எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டரில் எண்ணெய் கொஞ்சம் கூடினாலும் அது நேராக மாஃபில் போய் ஒட்டும், அதன் மேல் தூசி ஒட்டும். குறைந்தால் வடிகட்டாது. பானட்டுக்குள் திறந்து வைத்த கூம்பு சூடான காற்றை இழுக்கும்.

இதைவிடப் பெரிய தொல்லை, கூடவே வரும் அகலமான குழாய். மாஃப் உண்மையில் அளப்பது தன் மேல் ஓடும் காற்றை மட்டும்தான், குழாய் முழுவதும் ஓடுவதை அல்ல. குழாயின் குறுக்களவு இவ்வளவு என்று இசியு முன்கூட்டியே நம்பிக்கொண்டிருக்கிறது. 70 மி.மீ. குழாயில் இருந்த சென்சாரை 76 மி.மீ. குழாயில் வைத்தால் பரப்பு கூடி வேகம் குறையும். 70ஐ 76ஆல் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கினால் 0.85. அதாவது அதே காற்றுக்கு 15 சதவீதம் குறைத்துக் காட்டும். காசு கொடுத்து சென்சாரைக் கெடுத்தது போலத்தான்.

மாஃபுக்கு முன்னால் உள்ள வலையும் தேன்கூடு போன்ற தட்டியும் காற்றை நேராக்குபவை. அடைப்பு என்று நினைத்து அதை வெட்டி எடுக்காதீர்கள்.

டர்போவுக்கு முந்தைய ரப்பர் குழாய்

இங்கே ஓட்டை இருந்தால் நுழையும் காற்று வடிகட்டப்படாதது, அளக்கப்படாதது. குழாயைக் கழற்றி, மடிப்புகளை விரித்து, வெளிச்சத்தில் பாருங்கள். விரிசல் மடிப்பின் அடியில்தான் தொடங்கும். குழாய் கழன்றிருக்கும்போதே டர்போவின் கம்ப்ரஸர் வீலை டார்ச் அடித்துப் பாருங்கள். இறக்கைகளின் முன்விளிம்பு கூர்மையாகவும் மினுமினுப்பாகவும் இருக்க வேண்டும். மழுங்கி, மணல் தேய்த்தது போல மங்கியிருந்தால் நீண்ட நாளாகத் தூசி போயிருக்கிறது. தண்டை மெல்ல அசைத்துப் பாருங்கள்: பக்கவாட்டில் கொஞ்சம் அசையலாம், முன்னும் பின்னுமாக உணரும்படி அசையக் கூடாது.

பூட்டும்போது பழைய புழு கிளாம்ப் (ஸ்க்ரூ முறுக்கி இறுக்கும் பட்டை) தேய்ந்திருந்தால் புதிது போடுங்கள். பிளாஸ்டிக் வாயில் மிகையாக முறுக்கினால் வாய் வட்டம் இழந்து அங்கேயே கசியும். ஆயில் இருக்கும் விளிம்பைத் துடைத்துவிட்டுப் பூட்டுங்கள். வழுக்கும் குழாய் பூஸ்டில் கழன்று வரும்.

கசிவுச் சோதனை

டர்போவுக்கு முந்தைய ரப்பர் குழாயின் வாய்க்குப் பொருந்தும் விட்டத்தில் பிவிசி மூடி ஒன்றை எடுத்து, நடுவில் துளையிட்டு டயர் வால்வு பொருத்திக்கொள்ளுங்கள். மாஃபுக்குப் பின்னால் உள்ள குழாயில் அதைச் செருகி கிளாம்ப் போடுங்கள். பிரீதர் ஹோஸைக் கழற்றி, குழாயில் அது சேர்ந்திருந்த வாயை அடையுங்கள். எஞ்சின் பக்கத்து ஹோஸைத் திறந்தே விடுங்கள், ஆயில் ஊற்றும் மூடியையும் தளர்த்தி வையுங்கள். ஏனென்றால் திறந்திருக்கும் இன்டேக் வால்வு வழியாகவும் பிஸ்டன் ரிங் ஓரமாகவும் கொஞ்சம் காற்று கிராங்க்கேஸுக்குள் போகும். அதற்கு வழி இல்லாவிட்டால் ஆயில் சீல்கள் பிதுங்கும்.

ரெகுலேட்டரை 0.3 பாரில் தொடங்கி 0.7 பாருக்கு மேல் போகாதீர்கள். அழுத்தம் நிலையாக நிற்காது, எஞ்சின் வழியாகக் கொஞ்சம் போய்க்கொண்டே இருக்கும், அது இயல்பு. ஆயில் மூடியில் கேட்கும் சத்தத்தைக் கசிவு என்று எண்ண வேண்டாம். பிவிசி மூடிக்கு நேர் எதிரே நிற்காதீர்கள். கிளாம்ப் வழுக்கினால் அது பறந்து வரும்.

சோப்பு நீரை எல்லா இணைப்பிலும் தெளியுங்கள்: இன்டர்கூலரின் இரு பக்கப் பிளாஸ்டிக் தொட்டிகள் அலுமினியத்தோடு சேரும் மடிப்பு, குழாய்களின் ஓ-ரிங், பூஸ்ட் சென்சாரின் அடி, இஜிஆர் கேஸ்கெட். வெளிப்புறம் ஆயில் ஈரமாக, தூசி ஒட்டிக் கறுத்திருக்கும் இணைப்பை முதலில் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் குமிழி வரும்.

ஆயில் ஆவி

இதுதான் இந்த வேலையின் நடுமையம். பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும் வாயு ஆயில் துளிகளை அள்ளிக்கொண்டு பிரீதர் வழியாக டர்போ வாய்க்கு வருகிறது. தொழிற்சாலைப் பிரிப்பான் பெரிய துளிகளை நிறுத்திவிடும். நுண்துளிகள் தப்பி வரும். இன்டர்கூலருக்குள் மெல்லிய ஆயில் படலம் இருப்பது இயல்பு. கீழ் ஹோஸைக் கழற்றும்போது ஆயில் ஊற்றினால் அது இயல்பல்ல.

இந்த ஆயிலைப் பிடிக்கத் தனித் தொட்டி பொருத்துவதற்கு முன், காசில்லாமல் ஆவியைக் குறைக்கும் வழிகளைப் பாருங்கள். டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டி ஆயில் இருந்தால் கிராங்க் அதை அடித்து மூடுபனி ஆக்கும், அதிகமானதை இறக்குங்கள். ஊற்றாமலே மட்டம் ஏறினால் டிபிஎஃப் (புகைக் கரியைப் பிடிக்கும் வடிகட்டி) தன் கரியை எரிக்கும் எரிப்பு பாதியில் நின்று நின்று டீசல் ஆயிலில் கலக்கிறது என்று பொருள். அப்போது ஆயிலை மாற்றி, எரிப்பு ஏன் முடியவில்லை என்று பார்க்க வேண்டும். ஆயிலின் ஆவியாகும் தன்மையும் கணக்கில் வரும். ஏசிஇஏ என்ற ஐரோப்பிய ஆயில் தரத்தில் சி3 வகைக்கு நோவாக் இழப்பு (சூட்டில் ஆவியாகிப் போகும் அளவு) உச்சவரம்பு 13 சதவீதம், சி4க்கு 11. கையேடு எந்த வகையைச் சொல்கிறதோ அதற்குள் குறைந்த நோவாக் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள், வகையை மாற்றாதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஆயில் வந்தால் ஆயில் பிடிப்புத் தொட்டி, அதாவது கேட்ச் கேன். வெறும் காலி டப்பா எதையும் பெரிதாகப் பிடிக்காது. நுண்துளிகளை ஒன்று சேர்த்துச் சொட்டாக்கும் வடிகட்டி உள்ளே இருக்க வேண்டும், வடிகட்டி அடைத்தால் திறந்துவிடும் பாதுகாப்பு வால்வும் இருக்க வேண்டும். மான்+ஹும்மல் புரோவென்ட் 200 இந்த வகையைச் சேர்ந்தது. வால்வு இல்லாத தொட்டி அடைத்துக்கொண்டால் கிராங்க்கேஸ் அழுத்தம் ஏறும், பின்பக்க ஆயில் சீல் கசியும், டர்போவின் ஆயில் வடியாமல் கம்ப்ரஸர் பக்கம் தள்ளப்படும். எதைத் தடுக்க வைத்தோமோ அதையே பெருக்கும்.

பொருத்தும் முறை:

1. முதலில் இப்போதைய கிராங்க்கேஸ் அழுத்தத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். உபரி ஆயில் மூடி ஒன்றில் துளையிட்டு நிப்பிள் பொருத்துங்கள். தெளிவான பிளாஸ்டிக் டியூபை யு வடிவில் ஒரு பலகையில் கட்டி, பாதி வரை நீர் ஊற்றி, ஒரு முனையை நிப்பிளில் மாட்டுங்கள். இரு பக்க நீர்மட்ட வித்தியாசம் 10 மி.மீ. என்றால் சுமார் 0.1 கிலோபாஸ்கல். ஐடிலிலும் 2500 ஆர்பிஎம்மிலும் எழுதிக்கொள்ளுங்கள். டிப்ஸ்டிக் குழாயில் அளக்க வேண்டாம். சில எஞ்சின்களில் அதன் அடி ஆயிலுக்குள் மூழ்கியிருக்கும்.

2. தொட்டியின் வாய்களும் ஹோஸும் பழைய பிரீதர் ஹோஸின் உள்விட்டத்துக்குக் குறையக் கூடாது. பழையது 19 மி.மீ. என்றால் 19 அல்லது 25, ஒருபோதும் 16 இல்லை.

3. ஹோஸ் ஆயில் தாங்கும் நைட்ரைல் ரப்பராக இருக்கட்டும். ரேடியேட்டர் ஹோஸ் ஆயிலில் ஊறி உப்பும். சாதாரண சிலிகான் ஹோஸ் வழியாக ஆயில் வியர்க்கும். சிலிகான்தான் வேண்டுமென்றால் உள்ளே ஃபுளூரோ பூச்சு உள்ளது வேண்டும்.

4. தொட்டியை டர்போவிலிருந்தும் எக்ஸாஸ்டிலிருந்தும் ஒரு சாண் தூரமாவது தள்ளி, உடலில் உறுதியாகப் பிடியுங்கள். எஞ்சின் ஆடும்போது ஹோஸ் இழுபடாத அளவு தளர்வு கொடுங்கள். ஹோஸ் எங்கேயும் தொங்கிப் பள்ளமாகக் கூடாது. அந்தப் பள்ளத்தில் நீர் தேங்கி அடைக்கும், உறைபனி விழும் இடத்தில் உறைந்தே போகும்.

5. தொட்டியிலிருந்து வெளிவரும் ஹோஸ் டர்போ வாயில் உள்ள பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். வெளியே திறந்துவிடாதீர்கள்: அது மாசு, பல நாடுகளில் சட்டவிரோதமும்கூட. பழைய வாய் திறந்து கிடந்தால் தூசி நேராக டர்போவுக்குள் போகும்.

6. அடியில் வடிகால் டியூபும் பந்து வால்வும் வைத்து, எளிதாகக் கை எட்டும் இடத்துக்குக் கொண்டு வாருங்கள். வடித்த ஆயிலை எஞ்சினில் திரும்ப ஊற்றக் கூடாது. அதில் நீரும் டீசலும் அமிலமும் கலந்திருக்கும். குளிர்காலத்தில் மோர் நிறத்தில் வருவது வெறும் நீர்க்கலப்பு, ஹெட் கேஸ்கெட் போய்விட்டதாகப் பதற வேண்டாம். கூலன்ட் மட்டமும் சேர்ந்து இறங்கினால்தான் யோசிக்க வேண்டும்.

7. யு டியூபை மறுபடி மாட்டி அளந்து பாருங்கள். முன்பைவிட 25 மி.மீ.க்கு மேல் ஏறியிருந்தால் ஹோஸ் சிறியது, அல்லது மடங்கியிருக்கிறது. சரிசெய்யாமல் ஓட்டாதீர்கள்.

முதல் ஆயிரம் கிலோமீட்டரில் ஒருமுறை வடித்து எவ்வளவு வருகிறது என்று பாருங்கள், அதை வைத்து இடைவெளியை முடிவு செய்யலாம். சில கார்களில் இரண்டு மூன்று மில்லிலிட்டர்தான் வரும். தொட்டி சீக்கிரமே நிறைந்தால் ரிங் தேய்மானத்தைத்தான் பார்க்க வேண்டும், பெரிய தொட்டி வாங்கிப் பயனில்லை.

இன்டர்கூலரில் தேங்கிய ஆயிலை இறக்கிவிடுவது பாதுகாப்புக்காகவும்தான். திடீர் பூஸ்டில் அது மொத்தமாக உறிஞ்சப்பட்டால் எஞ்சின் தன் ஆயிலையே எரித்து ஓடத் தொடங்கும், சாவியை அணைத்தாலும் நிற்காது. இதே காரணத்துக்காக, ஓடும் டீசல் எஞ்சினின் காற்று வாயில் எந்த சால்வென்ட்டையும் அடிக்காதீர்கள். இன்டர்கூலரைக் கழற்றிக் கழுவினால் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் உலர்ந்த பிறகே பூட்டுங்கள்.

இப்போது சென்சார்கள்

இக்னிஷனை அணைத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு கனெக்டரைக் கழற்றுங்கள். மாஃபைப் பிடித்திருப்பது பெரும்பாலும் நடுவில் துளை உள்ள டோர்க்ஸ் 20 ஸ்க்ரூ. உருளைக் குழாயை விட்டுவிட்டு உள்துண்டை மட்டும் எடுங்கள். காற்று ஓடும் திசையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மாஃப் கிளீனர் என்று எழுதிய ஸ்ப்ரே மட்டும். கார்ப் கிளீனர் பிளாஸ்டிக்கையும் பூச்சையும் தின்னும். சுமார் 15 செ.மீ. தூரத்திலிருந்து, சென்சாரைக் கனெக்டர் மேலேயும் படலம் கீழேயும் இருக்கும்படி பிடித்து, சின்னச் சின்ன வீச்சாகப் பத்துப் பன்னிரண்டு முறை இரு பக்கமும் அடியுங்கள். அழுக்கு நீர் கனெக்டர் பக்கம் ஓடாமல் கீழே சொட்ட வேண்டும். பஞ்சு, பிரஷ், விரல், கம்ப்ரஸர் காற்று எதுவும் படக் கூடாது. படலம் தலைமுடியைவிட மெல்லியது. நிழலில் அரை மணி நேரம் தானாக உலரட்டும்.

பூஸ்ட் சென்சாரில் பிசுக்கு கெட்டியாக இருக்கும். நுனியைக் கீழ்நோக்கிப் பிடித்து அதே கிளீனரை அடித்துச் சில நிமிடம் ஊறவிட்டு மறுபடி அடியுங்கள். வழிந்து வருவது நிறம் தெளியும்வரை தொடருங்கள். துளைக்குள் ஊசி விட்டால் உள்ளே உள்ள ஜெல்லும் சவ்வும் போய்விடும். ஓ-ரிங்கைப் புதிது போட்டு, சுத்தமான எஞ்சின் ஆயிலை ஒரு துளி தடவிச் செருகுங்கள். பிளாஸ்டிக்கில் பதியும் ஸ்க்ரூவைக் கைக்கு எட்டிய இறுக்கத்தில் நிறுத்துங்கள்.

இஜிஆரையும் மேனிஃபோல்டையும் சுத்தம் செய்வதானால் கழற்றி வெளியே வைத்துச் செய்யுங்கள். உள்ளேயே கரைக்க முயன்றால் பெயர்ந்த கரிக்கட்டிகள் வால்வுக்குப் போகும்.

பூட்டிய பிறகு

கோடுகளை அழித்து, ஸ்கேனரில் வசதி இருந்தால் மாஃபும் இஜிஆரும் கற்றுக்கொண்ட பழைய திருத்தங்களையும் அழியுங்கள். இதை விட்டுவிட்டால், அழுக்கு சென்சாருக்காக இசியு சேர்த்துவைத்த திருத்தம் சுத்தமான சென்சார் மேலும் ஏறி, கரும்புகையோ இழுவைக் குறைவோ தரும். ஐந்து நிமிடம் ஐடில், பிறகு கலவையான வேகத்தில் முப்பது நாற்பது கிலோமீட்டர் ஓட்டம். திரும்பி வந்ததும், எஞ்சின் ஆறிய பிறகு எல்லாக் கிளாம்ப்களையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். ரப்பர் சூடாகி அமர்ந்ததும் சில தளர்ந்திருக்கும். பிறகு அதே மூன்றாவது கியர் பதிவை எடுத்து, அதே கணக்கைப் போடுங்கள்.

கசிவு இல்லை, சுத்தமும் செய்தாயிற்று, ஆனால் மாஃப் இன்னும் கணக்கைவிடப் பதினைந்து இருபது சதவீதம் குறைவாகவே நிற்கிறது என்றால் அப்போதுதான் மாற்றும் நேரம். இன்னொரு சோதனையும் செய்யலாம்: இக்னிஷனை அணைத்துக் கனெக்டரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். இசியு மாற்று மதிப்பை எடுத்துக்கொள்ளும், எச்சரிக்கை விளக்கும் எரியும். கழற்றிய நிலையில் பிக்கப் தெளிவாகக் கூடினால் சென்சார்தான் குற்றவாளி. புதிதை வாங்கும்போது பழையதில் அச்சிட்ட பாகஎண் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். வெளித்தோற்றம் ஒன்றாக இருந்து உள்ளே அளவுக் கோடு வேறான போலிகள் நிறைய. ஐடிலில் சரியாகக் காட்டிவிட்டு 3000 ஆர்பிஎம்முக்கு மேல் பிசகும். உள்துண்டை மட்டும் வாங்கினால் பழைய குழாயிலேயே செருகுங்கள், வேறு வண்டியின் குழாயில் வேண்டாம். பூட்டியதும் கற்றல் அளவுகளை மறுபடி அழித்துவிட்டே முதல் ஓட்டம் போங்கள்.